வெங்காயமும் படைவீரர்களும்: தூத்துக்குடிக் கடலில் வாணிபமும் காவலும்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மாலத்தீவைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, அங்கிருந்த இந்தியப் படையினர் கட்டம் கட்டமாக நாடு திரும்புகிறார்கள் என்பது. மே 10-ஆம் தேதிக்குள் அவர்கள் வெளியேற வேண்டும் என்று அதிபர் முகம்மது முயிஸ்ஸு கேட்டிருந்தார். டெல்லியும் ஒப்புக்கொண்டிருந்தது. மற்றது ஏப்ரல் 5 அன்று வந்த அறிவிப்பு. மாலத்தீவுக்கு 1,24,218 டன் அரிசி, 35,749 டன் வெங்காயம், 42.75 கோடி முட்டை, ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன் என்று அந்த ஆண்டுக்கான ஏற்றுமதி அளவை இந்தியா நிர்ணயித்திருந்தது. இரு நாடுகளும் 1981-இல் வாணிப ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு ஒதுக்கப்பட்ட அளவுகளிலேயே இதுதான் மிக அதிகம்.

உள்நாட்டில் விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காக வெங்காய ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட்டிருந்த காலம் அது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை இருந்தது. தடை போட்டு வைத்த வெங்காயம், நம் வீரர்களைத் திருப்பி அனுப்பும் நாட்டுக்கு ஏன் போக வேண்டும்? அந்த மாதமே இன்னொரு உத்தரவும் வந்தது. இந்தச் சரக்குகள் நான்கு சுங்க நிலையங்கள் வழியாக மட்டுமே மாலத்தீவுக்குச் செல்லலாம். முந்த்ரா, நவசேவா, டெல்லியின் துக்ளகாபாத் உலர் துறைமுகம், நான்காவதாக நம் தூத்துக்குடி.

கோபித்துக்கொண்டு போகிற அண்டை வீட்டாருக்கு அடுப்பெரிய அரிசி அனுப்புவது நல்ல குணம்தான். ஆனால் அரசுகள் நல்ல குணத்துக்காக மட்டும் அனுப்புவதில்லை. மேற்காசியாவிலிருந்து கிழக்கே போகும் எண்ணெய்க் கப்பல்களின் பாதை மாலத்தீவுகளின் ஊடாகவும் ஓரமாகவும் போகிறது. 2024 ஜனவரியில் முயிஸ்ஸு சீனா சென்று வந்தார். மார்ச்சில் சீனாவோடு இராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த நிலையில் அரிசியையும் வெங்காயத்தையும் நிறுத்தினால் தீவுகள் இன்னும் தூரமாகும் என்று டெல்லி கணக்குப் போட்டது என்றே நாம் கருதுகிறோம். 2025 ஜூலையில் இந்தியப் பிரதமர் மாலே சென்றபோது ரூ. 4,850 கோடி கடனுதவியும், தடையற்ற வாணிப ஒப்பந்தத்துக்கான பேச்சின் தொடக்கமும் அறிவிக்கப்பட்டன. அதற்குள் சீனாவுடன் மாலத்தீவு செய்திருந்த அதே வகை ஒப்பந்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது.

நம் கரையில் மாலத்தீவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் மாசி இல்லாத அடுக்களை அபூர்வம். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு அங்கே போய் வந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த உறவில் துப்பாக்கியும் ஒருமுறை நுழைந்தது. 1988 நவம்பர் 3 அன்று, இலங்கையிலிருந்து படகுகளில் போன தமிழ் ஆயுதக் குழுவான பிளாட் அமைப்பினர் மாலேயைத் தாக்கினார்கள். உள்ளூர் வணிகர் ஒருவர் ஆட்சியைப் பிடிக்க அவர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அதிபர் மாமூன் அப்துல் கையூம் உதவி கேட்டதும் இந்தியப் படை அன்றிரவே விமானத்தில் போய் இறங்கியது. மன்னார் வளைகுடாவில் அமைதி கெட்டால் மாலே வரைக்கும் அதன் அலை போய் அடிக்கும் என்பதை அன்று எல்லோரும் கண்டுகொண்டார்கள்.

வாணிபப் பேச்சையும் பாதுகாப்புக் கவலையையும் இரண்டு தனித்தனி விஷயங்களாகப் பார்ப்பது நாளிதழ் வாசிப்பில் வந்த பழக்கம். வணிகப் பக்கம் வேறு, வெளியுறவுப் பக்கம் வேறு. நம் கடலோர வரலாற்றில் அவை பிரிந்திருந்த காலம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்தோம். அகப்படவில்லை.

தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையை எடுத்துக்கொள்வோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளோடு வந்து நின்றதை எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த வாணிபத்தின் ஒப்பந்த விவரத்தையே தந்திருக்கிறார். கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம் சொந்த லாயத்திலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும். பஹ்ரைன், கத்தீஃப், ஹுர்முஸ் பகுதிகளில் கிடைப்பவையும் கூடவே வரும். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை செத்தாலும் காயம் பட்டாலும் அதன் விலையைப் பாண்டிய அரசின் கருவூலமே கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். விற்றவருக்கு நஷ்டமே வராத வியாபாரம் இது. அரசன் ஏன் இதற்குச் சம்மதித்தான்? குதிரை அவனுக்குச் சரக்கு அல்ல, படை. இந்த மண்ணில் நல்ல போர்க்குதிரை வளரவில்லை. வளர்க்கத் தெரிந்தவரும் இல்லை. லாடமடிப்பவர்களும் வைத்தியர்களும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரைகள் இங்கே விரைவில் செத்தால்தானே மறுபடி விற்க முடியும் என்றும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்குப் போர் விமானம் விற்கும் நாடுகள் உதிரிப் பாகத்தையும் தொழில்நுட்பத்தையும் கையில் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே இருந்தார். காயல் உட்பட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. விற்கும் குடும்பத்தின் ஒரு கை கடலுக்கு அந்தப் பக்கம், மறு கை அரண்மனையில். நம் முன்னோரின் பெருமையாக இதைச் சொல்லிக்கொள்வது வழக்கம். அரசனின் கருவூலம் எவ்வளவு கரைந்தது என்ற கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே கடலில் முத்து எடுப்பதற்கும் காவல் செலவு இருந்தது. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாக்கள் குளிப்பவரைத் தீண்டாமல் மந்திரம் சொல்லி வாய் கட்டுபவர்களுக்கு. இதுவும் மார்க்கோ போலோ சொல்வதுதான். கடல்கட்டி என்ற பெயரில் இந்த ஆட்கள் ஆங்கிலேயர் காலம் வரைக்கும் சலாபத்தில் சம்பளம் வாங்கினார்கள். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் வந்து நிற்காமல் குளிப்பாளி கடலில் இறங்க மாட்டார் என்பதால், கணக்கு மட்டும் உண்மையான கணக்கு.

போர்ச்சுகீசியர் செய்தது, அந்தக் கடல்கட்டியின் இடத்தைப் பீரங்கிக்குக் கொடுத்தது. அவர்கள் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலம் கடலில் அகப்பட்டால் சரக்கும் போகும், ஆளும் போகலாம். அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கர்த்தாஸ்’. காகிதத்தைக் குறிக்கும் நம் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்தான் அது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால், சீட்டைக் கொடுத்தவரிடமிருந்தே பாதுகாப்பு.

முத்துக்குளித்துறையில் பரவர் சமுதாயத்துக்கும் நம் சமுதாயத்துக்கும் 1530-களில் பகை மூண்டு இரத்தம் சிந்தியது. முத்துச் சலாபத்தில் யார் கை ஓங்குவது என்பதே அதன் அடிப்படை. நம் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல முடியாது. பரவர்களுக்கு வழி காட்டியவர், கோழிக்கோட்டிலிருந்து வந்த ஜான் த குரூஸ் என்ற குதிரை வணிகர். கொச்சியில் உள்ள போர்ச்சுகீசியரிடம் போங்கள் என்றார். அங்கே உடன்பாடு பேசி முடிந்தது. பாதுகாப்பு அவர்கள் தருவார்கள், ஞானஸ்நானம் இவர்கள் பெறுவார்கள், முத்துக் கடல் போர்ச்சுகீசியரின் கைக்கு வரும். 1538-இல் பட்டு மரக்காயர், குஞ்ஞாலி மரக்காயர், அலி இப்ராஹிம் ஆகியோரின் கப்பற்படை, இலங்கையில் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவப் போகும் வழியில் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் தங்கியிருந்தது. மார்ட்டிம் அஃபோன்ஸோ த ஸோஸா அங்கே வந்து அதை முறியடித்தார். அந்தப் படையெடுப்பின் பின்னால் இலங்கையின் இலவங்கப்பட்டை இருந்தது. முறியடிப்பின் பின்னால் முத்தும் இருந்தது.

பாதுகாப்பை விலைக்கு வாங்கிய பரவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1544-இல் தூத்துக்குடியில் போர்ச்சுகீசியத் தளபதியாக இருந்த கோஸ்மே த பைவாவைப் பற்றிப் புனித சவேரியாரே தம் கடிதங்களில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். கரையோர மக்கள் தாக்கப்பட்டுத் தவித்தபோது, காவலுக்கு இருந்தவரின் கவனம் குதிரை வியாபாரத்தில் இருந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து போர்ச்சுகீசியரைத் துரத்தினார்கள். 1825-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சலாபத்தின் பங்கு மறுபடி பேசப்பட்டது. மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவர்கள் மட்டும் மாறவில்லை.

ஆங்கிலேயர் காலத்துக்கு வ.உ.சிதம்பரனாரை விட நல்ல சான்று இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் ரூ. 10 லட்சம், ஒரு பங்கு ரூ. 25, மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு ரூ. 2 லட்சம் கொடுத்தார். ஐந்தில் ஒரு பங்கு ஒருவர் கையிலிருந்து! காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றது. இதுவரைக்கும் வாணிபப் போட்டி. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். அவர் மீது சுமத்தப்பட்டது கப்பல் கட்டணம் பற்றிய குற்றம் அல்ல, இராஜத்துரோகம். விசாரணை நீதிமன்றம் விதித்த தண்டனை இரட்டை ஆயுள். கம்பெனி சில ஆண்டுகளில் கலைந்தது. கொழும்புக்கு யார் கப்பல் ஓட்டுவது என்பது சாம்ராஜ்யத்தின் பாதுகாப்புப் பிரச்சினை ஆனது இப்படித்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த பேரங்களில் 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றித்தான் நம் வீடுகளில் அதிகம் பேசுவார்கள். கச்சத்தீவு 1974-இல் போனது எல்லோருக்கும் தெரியும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் கோடு போட்ட 1976 மார்ச் 23 ஒப்பந்தம், அதன் பின்னிணைப்பான கடிதங்கள் ஆகியவற்றைப் படித்தவர்கள் குறைவு. இரு நாட்டு மீனவர்களும் மற்றவர் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதங்களில்தான் வருகிறது. குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு, மீன்வளம் மிகுந்த மேடு, இந்தியாவுக்கு வந்தது. அங்கே பழக்கமாக மீன் பிடித்த இலங்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது. உரிமம் பெற்ற ஆறு கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ளலாம். அது முடிந்ததும் இலங்கை விரும்பினால் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2,000 டன் மீனை இந்தியா விலைக்குத் தரும். எல்லைக்கோட்டு ஒப்பந்தத்தில் மீன் விற்பனை ஏன் வர வேண்டும் என்று கேட்டால், எல்லை என்பதே அங்கு மீனால் ஆனதுதான்.

1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிழக்கே போனதை டெல்லி மறந்திருக்கவில்லை. இலங்கை நம்மோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பேச்சுகளின் பின்னால் இருந்தது என்று கொள்வதில் பிழை இல்லை. தேசத்துக்கு அது இலாபமாகவே இருக்கலாம். விலை கொடுத்தவர்கள் இராமேஸ்வரத்திலும் மன்னாரிலும் உள்ள மீனவர்கள். இங்கிருந்து போகிறவர் கைதாகிறார். அங்கே இருப்பவரின் வலையை நம் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பக்கத்தில் வலை இழந்தவர்களில் மன்னார் முஸ்லிம்களும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இந்தப் பின்னல் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டுக்குத் தரப்படாது என்று ஒரு வரி. திருகோணமலையின் எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்று இன்னொரு வரி. 2025 ஏப்ரலில் கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையும், அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலை எரிசக்தி மையத்துக்கான உடன்படிக்கையும் ஒரே நாளில் கையெழுத்தாயின. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில் அதே துறைமுகம், அதே எண்ணெய்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. இங்கிருந்து புறப்படும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா, அமெரிக்கா போகிறது. கொழும்பில் 2014-இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றபோதும், 2017-இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனபோதும் டெல்லி பதறியதற்கு இதுவும் ஒரு காரணம். கொழும்புக் கிழக்கு முனையத்தைக் கூட்டாக நடத்த இந்தியாவும் ஜப்பானும் 2019-இல் இலங்கையுடன் உடன்பட்டன. துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பில் 2021 பிப்ரவரியில் இலங்கை அதைக் கைவிட்டது. பதிலாக மேற்கு முனையம் அதானி குழுமம் பங்கேற்கும் கூட்டுக்குப் போய், 2025-இல் இயங்கத் தொடங்கியது. திருப்பூர்ப் பின்னலாடையை ஏற்றி அனுப்பும் வியாபாரிக்கு முனையம் யாருடையது என்பதில் அக்கறை இல்லை. கட்டணமும் காத்திருக்கும் நாட்களும்தான் அவர் கணக்கு. அந்த இரண்டும் இந்த இழுபறியில்தான் தீர்மானமாகின்றன.

தோணிகளின் கதை வேறு. 1983-க்குப் பிறகு இலங்கைப் போர் நீள நீள, கடலில் சோதனையும் சந்தேகமும் பெருகி, கொழும்புத் தோணி வாணிபம் மெலிந்தது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடப்புக்கு வந்த இந்திய-இலங்கை தடையற்ற வாணிப ஒப்பந்தம், பெரிய கப்பல்களின் காலத்தில் வந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கியபோது நம் மக்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்! அது அந்த ஆண்டு நவம்பரோடு நின்றது.

இன்று நம் பிள்ளைகளைத் தொடும் இடம் மஞ்சள். அந்நியச் செலாவணி நெருக்கடியிலும் உள்ளூர் விவசாயிகளைக் காக்கவும் இலங்கை மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே விலை பல மடங்கு ஏறியது. பீடி இலைக்கு அங்கே இறக்குமதி வரி அதிகம் என்பது பழைய விஷயம். இரண்டு கரைக்கும் இடையில் விலை வித்தியாசம் இருக்கும் வரை, இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் இரவில் மூட்டை ஏறும். கியூ பிரிவு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல்படை எல்லோரும் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். மஞ்சள் போகும் வழியில் போதைப்பொருளும் தங்கமும் வரும் என்பது அவர்கள் வாதம். அது பொய்யும் அல்ல. ஆனால் பிடிபடுவது பெரும்பாலும் ஓர் இரவுக் கூலிக்குப் படகில் ஏறிய பையன்தான்.

படகோ வேனோ வாடகைக்கு விடும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, கடத்தலுக்குப் பயன்பட்ட வாகனமும் படகும் பறிமுதலுக்கு உரியவை. தனக்கோ தன் ஆளுக்கோ தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதி, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு கையொப்பமும் வாங்கி வைத்திருந்தால் சுங்க அதிகாரி முன் காட்ட ஏதாவது இருக்கும். வாய்ப்பேச்சில் விட்டவர்களுக்கு அதுவும் இருக்காது.